ஜீப்புக்குச் சட்டை

மழைக்காலத்தில் எங்கள் ஜீப்பில் ஏறுகிறவர்கள் கையோடு குடை கொண்டுவருவார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் மடக்கிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும்வரைதான் அது தேவைப்படும்.

வண்டி என் மாமனாருடையது. மகிந்திரா எம்.எம். 540, 2112 சி.சி. பிஜோ டீசல் இன்ஜின். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏறி, இடுக்கிப் பக்கத்து ஏலத் தோட்டத்துக்கு ஆளும் உரமும் கொண்டுபோய், காய் மூட்டையோடு இறங்கி வந்தே அதன் வாலிபம் கழிந்தது. தோட்டத்தை விற்றபோது வண்டியையும் சேர்த்தே கேட்டார்கள். "வாங்குறவன் இத ஒழுங்கா வச்சிருக்க மாட்டான் மாப்ள" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியோடு வண்டியின் கித்தான் டாப்பும் என் தலையில் விழப்போகிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அந்த டாப் எந்த நிறத்தில் பிறந்தது என்பதில் குடும்பத்தில் மூன்று கருத்துகள் உண்டு. மாமனார் பச்சை என்பார். அத்தை காக்கி என்பார். மைத்துனன் கறுப்பு என்று அடித்துச் சொல்வான். மூவரும் ஆளுக்கொரு மூலையைத் தூக்கிக் காட்டி நிரூபித்தும்விடுவார்கள். பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. பின்னால் வருவது லாரியா யானையா என்று அதன் வழியே பார்த்துச் சொல்ல முடியாது. ஹாரன் அடித்தால் லாரி.

ஓட்டைகளுக்கு முதலில் சைக்கிள் டியூப் ஒட்டினோம். பிறகு ஒட்டின் மேல் ஒட்டு. கடைசியில், ஒரு தேர்தல் முடிந்த கையோடு மைத்துனன் ஒரு பிளெக்ஸ் பேனரை எங்கிருந்தோ கொண்டுவந்து கூரைக்கு உட்புறமாக இழுத்துக் கட்டினான். வேட்பாளர் கைகூப்பிச் சிரித்தபடி பின்சீட்டுக்காரர்களின் தலைக்கு மேலே வந்து சேர்ந்தார். தேர்தலில் அவருக்கு டெபாசிட் போய்விட்டது. ஆனாலும் ஐந்து வருடம் தவறாமல் மக்களை மழையிலிருந்து காத்தார். அடுத்த தேர்தல் வந்தது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திய பறக்கும் படைக்காரர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இவரு இப்ப அந்தக் கட்சியிலல்ல இருக்காரு?" என்று கேட்டார். வண்டியைத் தேர்தல் செலவுக் கணக்கில் சேர்ப்பதா, எந்தக் கட்சிக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியது. டாப்பை மாற்றியாக வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது அன்றைக்குத்தான்.

இந்த ஒழுகலுக்கு ஜீப்பைப் பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1940இல் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நேரம். அமெரிக்க ராணுவம் ஒரு குட்டி வண்டி கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். பாண்டம் என்ற சின்ன நிறுவனம் கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கூப்பிட்டது. அவர் இரண்டே நாளில் வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தார். சொன்ன கெடுவுக்குள், செப்டம்பர் 23 அன்று, வண்டி போய் நின்றது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவ்வளவு அவசரத்தில் கூரையைப் பற்றி யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்? வளைத்த பைப்புகளின் மேல் கித்தானைப் போர்த்தினார்கள். வேண்டாதபோது மடக்கிக்கொள்ளலாம். முன்கண்ணாடியையும் பானட்டின் மேல் படுக்கவைக்கலாம். எதிரி கண்ணுக்கு வண்டி தெரியக் கூடாது என்பது கவலை. சிப்பாய் நனைவது அந்தக் கவலையில் சேர்த்தி இல்லை.

1947இல் மகிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. மடக்கும் கண்ணாடியும் கித்தான் தலையும் அப்படித்தான் நம் நாட்டுக்கு வந்தன. எதிரியே இல்லாத போடிமெட்டில் அந்தப் போர்க்கால வசதியை நாங்கள் குடும்பத்தோடு அனுபவித்துவந்தோம்.

டாப் மாற்றப்போகிறோம் என்று தெரிந்ததும் தெருவே யோசனை சொன்னது. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், "ஃபைபர்ல நிரந்தரமா ஒரு கூரையப் போட்டுருங்க, தொல்லை விட்டுது" என்றார். எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. புரோக்கர் அதைக் கேட்டுப் பதறிவிட்டார். பதிவுச் சான்றில் வண்டியின் பாடி எந்த வகை என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் எழுதியிருப்பது ஒன்று, தலையில் இருப்பது வேறொன்று என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பதினைந்து வயது கடந்த வண்டி வேறு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன்னால் நிற்க வேண்டும். சும்மா பார்த்தாலே பெருமூச்சு விடுகிறவரிடம் கேள்வி கேட்கவும் இடம் கொடுப்பானேன் என்று ஃபைபரைக் கைவிட்டோம்.

"கூரைதான் வேணும்னா ஏங்க, பேசாம ஒரு கார் வாங்கிரலாமே" என்றாள் மனைவி. மாமனார் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. கார் யோசனையும் கைவிடப்பட்டது.

அடுத்து மைத்துனன் போனில் ஒரு ரெடிமேட் டாப்பைக் கண்டுபிடித்தான். எல்லா 540க்கும் கச்சிதமாகப் பொருந்தும் என்று போட்டிருந்தது. பார்சல் வந்தது. இடது பக்கம் கச்சிதமாகவே பொருந்தியது. வலது பக்கம் நாலு விரற்கடை பற்றவில்லை. விற்றவரைப் போனில் பிடித்தால், "டாப் சரியாத்தான் சார் இருக்கு. உங்க வண்டியைக் கொஞ்சம் அளந்து பாருங்க" என்றார். மைத்துனன் நூல் பிடித்து அளந்தான். வண்டிதான் கோணல்! முப்பது வருட மலைப்பாதையில் எத்தனை பள்ளம், எத்தனை டிங்கரிங், எத்தனை வெல்டிங்! வளைவு பைப்புகளை ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொருவர் தம் கண் அளவுக்கு நிமிர்த்தியிருக்கிறார்கள். எங்கள் வண்டி மட்டுமில்லை, பழைய ஜீப் எதை அளந்தாலும் இதே கதைதான்.

கடைசியில் போய் நின்ற இடம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் குஷன் கடை. கடைக்கார பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ரெடிமேட் டாப்பைக் காட்டினோம். ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காருக்குத்தான் கூரை. ஜீப்புக்குச் சட்டை. ஆளப் பாக்காம எவனாச்சும் சட்டை தைப்பானா?"

எனக்கு விளங்காத பல விஷயங்கள் அந்தக் கடைத் திண்ணையில் விளங்கின. பழைய நூல் கித்தான் நல்ல சரக்குதான். நனைந்தால் இழை ஊதித் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் நனைந்திருக்கும்போது உட்புறம் எங்கே தலையோ கையோ உரசுகிறதோ அங்கே சொட்டும். "தோட்டத்துக்கு ஆள் ஏத்துன வண்டி. எத்தன தலை உரசும்!" என்றார் பாய். ரெக்சின் விலை மலிவு, வெயிலில் வெடித்துவிடும். லாரித் தார்ப்பாய்க்கு வருகிற, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணிதான் எங்கள் வண்டிக்குச் சரி என்று தீர்ப்பானது. நிறத்தைப் பற்றி மூவரும் வாயெடுப்பதற்குள் பாய் தன்னிடம் இருப்பது காப்பித்தூள் நிறம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். மூன்று கருத்துகளுக்கும் அது சம தூரத்தில் இருந்ததால் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

துணி நீர் புகாததாக இருந்து என்ன, ஊசி போட்ட துளை வழியாக மழை வருமே! அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மேல்விளிம்பு கீழ்விளிம்பின் மேல் படிகிற மாதிரி இரட்டை மடிப்பு வைத்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்தார். துணியை வண்டியின் மேலேயே போட்டு, சாக்கட்டியால் கோடு கிழித்தார். வலது பக்கத்துக்கு நாலு விரற்கடை கூட விட்டார்.

மாட்டும் நாளன்று விடியற்காலையிலேயே போய் நின்றோம். "வெயில் ஏறட்டும்" என்று பாய் டீ குடிக்கப் போய்விட்டார். குளிரில் இந்தத் துணி சுருங்கி விறைத்திருக்குமாம், வெயிலில் நெகிழுமாம். காலையில் இழுத்து மாட்டினால் மத்தியானம் தொங்கிப்போகும். ஆகவே பங்குனி மாதத்து உச்சி வெயிலில், நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து இழுக்க, பிரஸ் பட்டன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பழைய டாப்பை அவிழ்த்தபோது வேட்பாளர் வெளியே வந்தார். "இவர என்ன செய்யிறது?" என்று பாய் கேட்டார். அவர் இப்போது எங்கள் கொட்டத்தில் வைக்கோலுக்கு மேலே இருக்கிறார். மாடுகள் கட்சி விசாரிப்பதில்லை.

முதல் பயணம் போடிமெட்டுக்கு. சுமார் 1400 மீட்டர் உயரம். அங்கே டீக்கடையில் இறங்குவதற்காகப் பக்கப் படுதாவை அவிழ்த்தோம். திரும்பப் பூட்டப் பார்த்தால் பட்டனும் துளையும் ஒன்றையொன்று எட்டவில்லை. போடி வெயிலில் தைத்த சட்டைக்கு மேட்டுக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவழியாக இழுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். இறங்கும்போது அத்தைக்கு வியர்த்ததால் பின்பக்கப் படுதாவை மட்டும் சுருட்டிக் கட்டினோம். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் டீசல் புகை முழுவதும் உள்ளே. பக்கங்களை அடைத்துப் பின்பக்கத்தைத் திறந்து ஓட்டினால், வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். ஒன்று, எல்லாவற்றையும் திற. இல்லை, எல்லாவற்றையும் மூடு. அத்தை மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார்: "அடுத்த தடவ நான் பஸ்ஸுல வாரேன்."

ஐப்பசியில் நிஜ மழை வந்தது. கூரை சொட்டவில்லை. தையல் சொட்டவில்லை. பின்சீட்டில் சொட்டு ஈரமில்லை. முன்கண்ணாடிச் சட்டமும் டாப்பும் சந்திக்கிற இடத்தில் மட்டும் ஒரு கோடு நீர் இறங்கி, ஓட்டுகிறவனின் வலது முழங்காலில் நிதானமாக விழுந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன். "அந்தக் கண்ணாடி மடங்குற கண்ணாடி தம்பி. மடங்குற எடத்துல தண்ணி வரத்தான் செய்யும். அத நிறுத்தணும்னா வெல்டிங் வைக்கணும். வச்சா அது ஜீப்பு இல்ல" என்றார். மாமனாரிடம் சொன்னேன். தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டு, "எனக்கும் அங்கதான் மாப்ள விழும்" என்றார், ஏதோ பரம்பரைச் சொத்தை எழுதிவைத்த திருப்தியோடு.

ஆகவே பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு: டாப் வேலையைப் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் குஷன் கடைக்காரர் உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வண்டியையே கொண்டுபோய் நிறுத்தி அளவெடுக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஜன்னலை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். ஈரம் காயாமல் டாப்பைக் கழற்றி மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சொட்டுகூட மேலே படக் கூடாது என்று நினைப்பவர்கள் ஜீப்பை விற்றுவிட்டுப் பஸ்ஸில் போகலாம். விற்பதற்கு முன்னால், மழை பெய்கிற நாளாகப் பார்த்து எங்கள் மலைத் தடத்துப் பஸ்ஸில் ஏறி, எந்தச் சீட் காய்ந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதற்கப்புறமும் விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள்.