கால்களின் ஞாபகசக்தி

கேள்வி: முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளுக்கு நடனம் கற்பித்துச் சிகிச்சை செய்கிறார்களாமே? பெற்ற பிள்ளையின் பெயரே நினைவில்லாதவருக்குத் தாளம் எப்படி நினைவிருக்கும்?

பதில்: கற்பிப்பதாக யார் சொன்னது? கற்றதையே மறந்தவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பிக்கும் துணிச்சல் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு மட்டுமே உண்டு. பெயர்களையும் சம்பவங்களையும் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியை அல்சைமர் வியாதி ஆரம்பத்திலேயே சிதைத்துவிட்ட போதிலும், அங்க அசைவுகளின் பழக்கத்தைக் காக்கும் சிறுமூளை முதலிய பாகங்களை அது வெகு தாமதமாகவே அணுகுவதால், பெற்ற மகனையே ‘தாங்கள் யார்?’ என்று மரியாதையுடன் வினவும் மூதாட்டி, இளமையில் ஆடிய வால்ட்ஸ் இசை காதில் விழுந்ததும், நாற்காலியில் அமர்ந்தபடியே பிசகாமல் காலால் தாளமிடுவது அதிசயமன்று.

1942-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரத்து செயின்ட் எலிசபெத்ஸ் மனநோய் மருத்துவமனையில் இச்சிகிச்சைக்கு வித்திட்ட நர்த்தகி மேரியன் சேஸ், பேச மறுத்த நோயாளிகளின் அசைவுகளையே தாமும் திரும்பச் செய்து, சொல்லில்லாமலே சம்பாஷணை நடத்தினார். முதியோர் இல்லங்களுக்கு அந்த உபாயம் வந்து சேர்ந்தது பிற்பாடுதான்.

ஆனால், நடனம் மறதியைப் போக்கும் என்று எவரேனும் துண்டுப் பிரசுரம் கொடுத்தால் நம்பிவிடாதீர். மருத்துவ ஆராய்ச்சிகளைச் சலித்தெடுக்கும் காக்ரேன் அமைப்பினர் தேடிப் பார்த்து 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுடைய கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்ட பரிசோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. அதற்காக ஆட்டத்தை நிறுத்துவானேன்? மாத்திரைகளும்தாம் இந்நோயைத் தீர்ப்பதில்லை. அவற்றை விழுங்கும்போது எவரும் பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகக் கேள்வியில்லை.