செய்யக்கூடாத ஒயின்: ஒரு முன்னாய்வு

கிறிஸ்துமஸ் காலத்தில் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் நாகர்கோவிலிலும் கேக்குத் துண்டோடு நீட்டப்படும் அந்தக் கருஞ்சிவப்புத் திரவத்தின்மீது ஆய்வுலகம் போதிய கவனம் செலுத்தவில்லை. காரணம் புரிகிறது. கள ஆய்வுக்குப் போகிறவர்கள் குறிப்பேட்டைத் திறக்கும் நிலையில் திரும்புவதில்லை.

ஆய்வாளருக்கு முதல் இடர் சட்டம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அரசே கடை திறந்து விற்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கும் விஷயம். 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை, வீட்டு ஒயினும் குற்றமே என்று எச்சரித்துப் பண்டிகை நேரத்தில் பல அம்மச்சிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்த இடரைக் கடக்க ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் செங்கல் அச்சில் கட்டியாக்கி விற்றார்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: இதைத் தண்ணீரில் கரைத்து அலமாரியில் இருபது நாள் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும். சமையல் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான செய்முறை கிடையாது என்பது என் துணிபு. நானும் அந்த மரபையே பின்பற்றுகிறேன்.

ஆகவே, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை (2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, விலையும் கையைக் கடிக்காதது) ஒரு கிலோவைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டுக் கையால் மசிக்கக்கூடாது. கொட்டையை நசுக்கவே கூடாது, கசக்கும். இது ஒன்று மட்டும் உண்மையான தடை, மாணவர்கள் வேறுபடுத்தி அறிக. ஒரு கிலோ சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர், நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, ஒரு கைப்பிடி கோதுமை, வெதுவெதுப்பான நீரில் நுரைக்கவிட்ட ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்க்கக்கூடாது. துணியால் வேடு கட்டி இருட்டு மூலையில் வைத்து, அன்றாடம் காய்ந்த மரக்கரண்டியால் கிளறி, 21 நாள் கழித்து வடிகட்டி, மேலும் 21 நாள் தெளியவிடுவது அறவே தவிர்க்கத்தக்கது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2-இல் தொடங்காமல் இருந்தால், டிசம்பர் 14-இல் முடியாமல் இருக்கும்.

இனிச் சர்ச்சைகள். கோதுமை எதற்கு? 'கிக்' ஏறுவதற்கு என்பது பாட்டிமார் கட்சி. ஆனால் கோதுமையில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு அதை உடைத்துத் தின்னத் தெரியாது. கோதுமையை விட்டுவிட்டாலும் போதை குறையாது என்று நான் ஒரு பாட்டியிடம் வாதிடப் போவதில்லை. ஆய்வுக்கும் எல்லை உண்டு.

காய்ந்த கரண்டி விவகாரம் இன்னும் நுட்பமானது. சொட்டு ஈரம் பட்டாலும் கெட்டுப்போகும் என்று ஜாடியருகே குழந்தைகளை விடாதவர்கள்தான் அதே ஜாடியில் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றியவர்கள். இது ஊறுகாய்ச் சாத்திரத்திலிருந்து இங்கே குடியேறிய விதி. கொதிக்காத குழாய்த் தண்ணீரோடு வேண்டாத கிருமிகள் உள்ளே போகலாம் என்ற அளவில் அதற்கு நியாயமும் உண்டு.

பெரிய சர்ச்சை இனிப்பு. இதற்கு மட்டும் கணக்குப் போட்டே ஆகவேண்டும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்து மறைந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் கூடும். மேற்படி ஜாடியில் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தால் லிட்டருக்கு முந்நூறு கிராமுக்கு மேல். முழுதும் மாறினால் இருபது சதவீதத்தை எட்டவேண்டும். ஆனால் அடுமனை ஈஸ்ட் பன்னிரண்டை ஒட்டியே தான் சமைத்ததில் தானே மயங்கி விழுந்துவிடுகிறது. மிச்சச் சர்க்கரை அப்படியே தங்குகிறது. ஆக, அத்தை ஒயினின் புகழ்பெற்ற இனிப்பு அத்தையின் கைப்பக்குவமல்ல. பணி முடிக்காமல் உயிர்விட்ட கோடானுகோடி ஈஸ்ட்டுகளின் பாக்கி. இதை விருந்தின்போது சொல்வது உசிதமல்ல.

மூடியை இறுக்காமல் வேடு கட்டச் சொல்வதில் மட்டும் பாட்டிமாரோடு முழு உடன்பாடு. ஒரு கிலோ சர்க்கரை முழுதும் புளித்தால் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு கிளம்பும். இறுக்கி மூடிய ஜாடி வெடிக்கும். சட்டம் அறியாத அண்டை வீட்டாரும் அறிவர்.

எஞ்சுவது மட்டக் குறைவுச் சிக்கல். தெளியவிட்ட நாளிலிருந்து பண்டிகைவரை ஜாடியின் மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது. குடும்பத் தலைவர்கள் இதை ஆவியாதல் என்கிறார்கள். மூடிய பீங்கான் ஜாடியில், வீட்டார் உறங்கிய பிறகு மட்டும் நிகழும் ஆவியாதலுக்கு இயற்பியலில் இடமில்லை. ஆனால் விளைவு வேதியியலில் உண்டு: காலியான இடத்தில் காற்று புகும், காற்றோடு சேர்ந்து அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கும். ஒயினுக்கு வரும் நோய்களைப் பற்றி லூயி பாஸ்டர் 1866-இல் ஒரு நூலே எழுதினார். சித்தப்பாக்களை அவர் கணக்கில் எடுத்தாரா தெரியவில்லை. அப்படி மட்டம் இறங்கிப் புளித்துப்போன வீடுகளில், அந்த வருடம் பன்றிக்கறி விந்தாலு மட்டும் பிரமாதமாக அமைந்ததாகத் தகவல்.