தேயாத முழங்கால் பலகை

எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டி இரண்டு இருக்கிறது. பழையது சாமியார் வீட்டுப் பின்கட்டில், தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் முழங்கால் பலகையில் இரண்டு குழி, அரைத்து அரைத்து அம்மி நடுவில் விழுமே, அந்த மாதிரி. சாமியாருக்கும் நமக்கும் நடுவில் துளை போட்ட தகரம். தலைமுறை தலைமுறையாக வாயை வைத்துக் கிசுகிசுத்ததில் அந்த இடம் மட்டும் கறுத்துப்போயிருக்கிறது. புதியது கோயிலுக்குள்ளே இருக்கிறது. தேக்கு, பளபளவென்று வார்னிஷ். முழங்காலுக்கு ஸ்பஞ்ச் வைத்து ரெக்சின் தைத்திருக்கிறார்கள். சாமியார் தலைக்கு மேல் சின்ன ஃபேன். ஆயர் ஆண்டகை வந்து மந்திரித்த தேதி பித்தளைத் தகட்டில் இருக்கிறது. இத்தனை வருஷமாகியும் ரெக்சினில் ஒரு சுருக்கம் விழவில்லை.

அதியமானுக்காகத் தூது போன ஔவையாரைத் தொண்டைமான் தன் படைக்கொட்டிலுக்குள் அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினான். அவரும் புகழ்ந்தார். புறநானூற்றில் 95-ஆம் பாட்டு அது. உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் இங்கே பொய் சொல்லப்போவதில்லை. நம் காலத்து மேற்றிராணிமார்களைப் புகழ வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. எந்த ஆயரைச் சொல்கிறேன் என்று யாரும் தேட வேண்டாம். ஒருவரைப் பற்றியதென்றால் எழுதியிருக்க மாட்டேன், நேரில் போய் மோதிரம் முத்தி செய்து சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருமழபாடிக்குப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரை. பங்குனியில் நந்தி கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை நந்தியைத் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரே ஆறு கடந்து அழைத்து வருவார். எங்களுக்கு அது அநேகமாகத் தபசு காலமாக இருக்கும். கல்யாணத் தவில் சத்தம் வயல் தாண்டி வரும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் சுவரோரமாக வரிசையில் நின்று ஆத்தும சோதனை செய்வோம்.

அப்படி ஒரு வருஷம் என் தாத்தா வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். எனக்கு ஒன்பதோ பத்தோ வயசு. உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. வந்ததும் மாதா பீடத்துக்கு முன்னால் போய் அபராதத்தைச் சொல்லி முடித்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடியுமுன்னே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பக்கத்து வயல் பக்கமாக நகர்ந்திருந்த வரப்பை வெட்டி, ஒரு முழம் நம் பக்கம் தள்ளிக் கட்டினார். நீளம் முழுக்க. வெயில் ஏறிவிட்டது. பக்கத்து வயல்காரர் மழபாடிக் கோயிலுக்கு வெள்ளிதோறும் போகிறவர். வந்து பார்த்துத் திகைத்து நின்றார். “என்னங்க இது, திடீர்னு?” என்றார். தாத்தா நிமிராமலே, “சாமி சொல்லிட்டாரு” என்றார். எந்தச் சாமி என்று அவர் கேட்கவில்லை. அந்த வரப்பு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

பாவசங்கீர்த்தனம் என்றால் எனக்கு அந்த வரப்புதான். இனி ஆயர்களுக்கு வருகிறேன்.

அவர்கள் உழைப்பு சாமானியமில்லை. காலையில் ஒரு பங்கில் உறுதிபூசுதல், மதியம் இன்னொரு பங்கில் பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு, மாலையில் மூன்றாவது ஊரில் தேர்த்திருவிழாத் திருப்பலி. நடுவில் சாப்பிட்டார்களா என்று கேட்கவும் ஆளில்லை. அவர்கள் பெயர் பொறிக்காத கல்வெட்டு எங்கள் பக்கத்தில் அரிது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் சின்னம்மாகூட ஆயர் பெயரின் முதல் எழுத்தை அடையாளம் கண்டுகொள்வாள், அவ்வளவு இடத்தில் பார்த்திருக்கிறாள். இத்தனை கல்வெட்டு நடுவில் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அவர் உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதத்தன்மை ஆகாது என்று ஒரு இளம் குருவானவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். ஒரு மனிதருக்கு எத்தனை வேலை!

அவர்கள் தமிழும் அழகு. தவக்காலச் சுற்றுமடல் வாசிக்கிற ஞாயிறன்று நான் முன் வரிசையில் உட்காருவேன். ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற கரடுமுரடான சொல் போய் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ வந்திருக்கிறது. ஒப்புரவு திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரிலேயே வருகிற சொல். நல்ல சொல், செந்தமிழ். பழைய பெயரில் முதலிலேயே பாவம் வந்து நிற்கும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். புதிய பெயரில் அந்தத் தொந்தரவு இல்லை. எங்கள் பிள்ளைகள் பெயரிலேயே பாவத்தைக் கேளாமல் வளர்ந்துவிட்டார்கள்.

இன்னொரு பெருமை பலருக்குத் தெரியாது. சாதாரணச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி வாங்க வேண்டும். ஆயருக்கு அது வேண்டாம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 967-ஆம் விதிப்படி, அந்தந்த ஊர் ஆயர் குறிப்பாகத் தடுத்தாலொழிய, அவர் உலகத்தில் எங்கே போனாலும் கேட்கலாம். ரோமாபுரியில் கேட்கலாம், ரியோ டி ஜெனிரோவில் கேட்கலாம், எங்கள் ஊர்ப் புளியமரத்தடியிலும் கேட்கலாம். உலகத்துப் பூட்டையெல்லாம் திறக்கிற சாவியை ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதை இத்தனை வருஷம் ஒரு கீறலும் விழாமல் வைத்திருக்கிறாரே, அதைச் சொல்ல வேண்டாமா?

இரகசிய முத்திரையும் அப்படித்தான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது. நம் ஆயர்களில் ஒருவர் அந்த முத்திரையை உடைத்தார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. கேளாத பாவம் வெளியே வர வழியில்லை.

2018 ஜூலையில் கேரளத்தில் ஒரு பெண்ணின் விஷயம் பெரிதாக வெடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே குருக்கள் மிரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அது கத்தோலிக்கக் குருக்கள்மேல் வந்ததல்ல, ஆனாலும் லேசான குற்றச்சாட்டு அல்ல. கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒட்டித் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவர் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அப்போது இந்திய ஆயர்கள் எழுந்து நின்று பேசினார்கள். இது எங்கள் விசுவாசத்தின் உயிர் என்றார்கள். எத்தனையோ பேருக்கு ஆறுதலும் மனமாற்றமும் தந்தது என்றார்கள். சொன்னதெல்லாம் சத்தியம். அந்தச் செய்தியைக் கத்தரித்து செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் நன்றி சொல்லிக்கொண்டே கோயிலுக்குப் போனேன். அப்படிப் போராடிக் காப்பாற்றிய தொட்டிக்குள் ஆள் இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்.

போன திருவிழாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். எந்த ஊர், எந்த ஆண்டகை என்று சொல்லமாட்டேன். கொடியேற்றத்தன்று ஆயர் வந்தார். பேண்டு வாத்தியம், வாண வேடிக்கை, பொன்னாடை மேல் பொன்னாடை. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி காலையிலிருந்தே முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையில் செபமாலை. பங்குச் சாமியார் இரண்டு தடவை அந்தப் பக்கமாக ஓடினார். “நாளைக்கு வாங்கம்மா, ஆண்டகை வந்திருக்காங்க பாருங்க” என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது, சமையல்காரரும் மைக்செட்காரரும் இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். பாட்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆண்டகை வரும் வழியில் போய் நின்றது. அவர் மோதிரக் கையை நீட்டினார். பாட்டி முத்தி செய்துவிட்டுக் கையை விடாமல், “ஆண்டவரே, பாவசங்கீர்த்தனம்” என்றது. வாத்தியச் சத்தத்தில் அவர் காதில் என்ன விழுந்ததோ. எவ்வளவு கனிவான முகம்! குனிந்து, பாட்டி நெற்றியில் சிலுவை வரைந்து, “நல்லா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆசீரைப் பாட்டி பொக்கிஷம்போல வைத்திருக்கிறது. பாவத்தையும் வைத்திருக்கிறது.

இந்தத் தொட்டியை இப்படி ஆக்கியதே ஓர் ஆயர்தான் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ கோயில் கட்டுமானம் பற்றி 1577-இல் வெளியிட்ட விதிகளில், நடுவில் தடுப்பும் துளைத் தகடும் வைத்த இருக்கையின் அமைப்பைத் தெளிவாகச் சொன்னார். பாவியின் மானமும் சாமியாரின் மானமும் காப்பாற்றப்பட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. கொள்ளைநோய்க் காலத்தில் மிலான் தெருக்களில் நோயாளிகளைத் தேடி நடந்த ஆயர் அவர்.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில், புனித யோசேப்பு வாஸ். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிய காலம். 1687-இல் பிச்சைக்காரன் வேஷத்தில் போய் இறங்கி, ராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். அவரை ஆயராக்க நினைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தவர் போப் பிரான்சிஸ். பிரான்சிஸ் செய்த மாற்றங்கள் சிலவற்றில் என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் 2014 மார்ச்சில் புனித பேதுரு பேராலயத்தில், தமக்காகக் குறித்து வைத்திருந்த தொட்டியை விட்டுவிட்டு, எதிரே தெரிந்த ஒரு சாதாரணச் சாமியார் முன்னால் எல்லாரும் பார்க்கப் போய் முழந்தாளிட்டார். 2016 ஏப்ரலில் சதுக்கத்தில் மற்றக் குருக்களோடு உட்கார்ந்து பதினாறு பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம் கேட்டார். உலகத்திலேயே பெரிய நிர்வாகம் அவர் தலையில் இருந்தது. அவருக்கு நேரம் கிடைத்தது.

எங்கள் திருமானூர் வட்டாரத்து ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரை விட்டுவிட முடியுமா? குருக்களையும் சீடர்களையும் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய ‘பரமார்த்த குருவின் கதை’ அவருடையது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்புகிற கூட்டம் அதில் வரும். அதே கையால் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். சாமியார் எப்போதாவது வரும் ஊர்களில் சனங்களை விசுவாசத்தில் நிறுத்தி வைத்தவர்கள் அந்த உபதேசியார்கள். அன்றைக்கு சாமியார் வர மாதங்கள் ஆகும். ஆனால் வந்தால் உட்காருவார். இன்றைக்கு எல்லாரும் காரில் அரை மணியில் வந்துவிடுகிறார்கள்.

ஆண்டகை, ஒரு கதை சொல்லி முடிக்கிறேன். எங்கள் சைவ உறவுக்காரர்கள் சொல்லக் கேட்டது. சுந்தரர் ஆலம்பொழிலில் படுத்திருந்தாராம். சிவபெருமான் கனவில் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்டாராம். அவர் எழுந்து ஆற்றைக் கடந்து வந்து பாடினார். உங்கள் கனவில் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் நானே கேட்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாருங்கள். பேண்டு வைக்கமாட்டோம், பொன்னாடை போடமாட்டோம், கல்வெட்டும் வெட்டமாட்டோம். ஊதா ஸ்தோலா ஒன்று மட்டும் கொண்டுவந்தால் போதும். தொட்டிக்குள் இப்போது மைக்செட்டின் ஆம்ப்ளிஃபயரை வைத்திருக்கிறார்கள், ஒயர் துளைத் தகடு வழியாக வெளியே வருகிறது. அதை நான் எடுத்துவிடுகிறேன். முதலில் அந்தப் பாட்டி நிற்கும். அடுத்தது நான். எனக்கும் ஒரு வரப்பு இருக்கிறது.