சிவப்பு மை சார்ஜென்ட்

செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எந்த ஸ்டேஷனில் இறங்கி டீக்கடைக்குப் போனாலும் அங்கே ஒரு 'ஏர்போர்ஸ் சார்' இருப்பார். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இன்ஜினோடு மல்லுக்கட்டி, சார்ஜென்டாகவோ வாரன்ட் ஆபீசராகவோ ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரியிலோ மறைமலை நகரிலோ வீடு கட்டியவர். பென்ஷன் உண்டு, கேன்டீன் கார்டு உண்டு, முழங்கால் வலியும் உண்டு. போதாததற்கு, போர் விமான வரலாறு போடும் பத்திரிகைகளும் ஒரு சிவப்பு மைப் பேனாவும் உண்டு.

பத்திரிகை வந்தால் அவர் கட்டுரையைப் படிப்பதில்லை. முதலில் படம். பிறகு படத்துக்குக் கீழே இருக்கும் வரி. மறுபடியும் படம். அதன்பிறகுதான் சமையலறைப் பக்கம் குரல் போகும்.

"ஏம்மா, இங்க வா. மிக்-21 எஃப்.எல்.னு போட்டிருக்கான். ரெக்கைக்கு அடியில குண்டு மாட்டற பைலான் எத்தன? எண்ணிச் சொல்லு."

கரண்டியும் கையுமாக வந்து எண்ணிவிட்டு, "நாலுங்க" என்பார் அந்த அம்மாள்.

"எஃப்.எல்.லுக்கு ரெண்டுதான். இது டைப் 96!"

அடுப்பில் குழம்பு அடிபிடிப்பது வேறு விஷயம். ஆனால் அவர் சொன்னது சரி. எஃப்.எல். ரகம் 2013 டிசம்பரில் கலைக்குண்டாவில் விடைபெற்றது. மிக்-21 குடும்பத்தின் கடைசி விமானங்கள் சண்டிகரில் விடைபெற்றதோ 2025 செப்டம்பர் 26-ல். ரகத்தைத் தவறாகப் போட்டால் பன்னிரண்டு வருஷ வரலாறு காணாமல் போகும். பைலானை எண்ணுபவரைப் பார்த்துச் சிரிக்கலாம். எண்ணாமல் அச்சுக்கு அனுப்பியவரை என்ன செய்வது?

உள்ளூர்ச் சங்கதி என்றால் கோபம் இரட்டிப்பாகும். 'தாம்பரத்தில் பைலட்டுகளுக்குப் பறக்கச் சொல்லித்தருகிறார்கள்' என்று எவராவது எழுதிவிட்டால் அன்றைக்கு அவருக்கு டீ இறங்காது. 1954 முதல் அங்கே இருப்பது விமானப் பயிற்றுநர் பள்ளி. பறக்கத் தெரிந்தவருக்கு, பறக்கக் கற்றுத்தருவது எப்படி என்று கற்றுத்தரும் இடம். "வாத்தியாருக்கு வாத்தியார் இருக்கிற ஊருய்யா இது" என்பார், தானே அங்கே ஹெட்மாஸ்டராக இருந்ததுபோல.

சினிமாவும் தப்பாது. 'சூரரைப் போற்று' பார்த்து வீடே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் குரல் எழுந்தது: "இந்தக் கதைக்கு மூலமான நிஜ கோபிநாத் தரைப்படை கேப்டன். படத்துல ஏர்போர்ஸ்னு காட்டறான். ஏர்போர்ஸ்ல குரூப் கேப்டன் உண்டு, வெறும் கேப்டன் கிடையாது." அன்றிலிருந்து ரிமோட் மருமகள் கைக்குப் போய்விட்டது.

பேரப்பிள்ளைகளோடு மாமல்லபுரம் போனாலும் இவர் கண் கல்லில் நிற்காது. கடற்கரைக் கோயில் வாசலில் கைடு பல்லவ மன்னன் ராஜசிம்மனைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். மேலே இரைச்சல் கேட்கும். "தாத்தா, பாசஞ்சர் பிளேன்!"

"உடம்பு போயிங் 737 தான். ஆனா ஜன்னல் வரிசை எங்கடா? வால் நுனியில குச்சி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு பாரு. அரக்கோணம் கடற்படைத் தளம் ராஜாளியோட பி-8ஐ."

அந்தக் குச்சியில்தான் விஷயமே. கடலுக்குள் பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியின் இரும்பு, பூமியின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும்; அதை மோப்பம் பிடிக்கும் கருவி அது. நம் கடற்படை கேட்டு வாங்கியது; அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-யில் அது இல்லை. இது தெரியாமல் அமெரிக்கப் படத்தைப் போட்டு 'அரக்கோணத்தில் நம் பி-8ஐ' என்று எழுதும் ஆசிரியருக்குச் செங்கல்பட்டு தலைமைத் தபால் நிலையத்திலிருந்து கடிதம் பறக்கும். அதற்குள் கைடைச் சுற்றி நின்ற கூட்டம் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்திருக்கும். கைடு விடுவாரா? ஏழு கோயிலில் ஆறு கடலுக்குள் போய்விட்டது என்று அடுத்த அஸ்திரத்தை எடுப்பார். சார் அதற்கு ஆதாரம் கேட்பதில்லை. பக்தியோடு தலையாட்டுவார்.

ஆதாரம் கேட்காத இன்னொரு இடமும் உண்டு. அது 1965 பாகிஸ்தான் போர்.

செப்டம்பர் 7-ல் சர்கோதா வானத்தில் ஒரே மோதலில் நம் ஐந்து ஹன்டர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தானின் எம்.எம்.ஆலம் கணக்குச் சொன்னார். சார் அந்தக் கணக்கைப் பிரித்து மேய்வார்: எந்த ஸ்குவாட்ரன், எத்தனை போயின, எத்தனை திரும்பின, யார் குதித்தார். ஆடிட்டரே தோற்றுப்போவார்.

கட்டாங்குளத்தூரில் ஏரோநாட்டிகல் படிக்கும் பையன் ஒருநாள் மெதுவாகக் கேட்டான்: "சார், செப்டம்பர் 3-ல நம்ம ட்ரெவர் கீலர் நாட் விமானத்துல போய் அடிச்ச பாகிஸ்தான் சேபர் விழவே இல்லையாமே? யூசுஃப் அலி கான் அடிபட்ட விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கிட்டாராமே?"

கீலருக்கு வீர் சக்ரா வாங்கித்தந்த சண்டை அது. சேபர் வீடு திரும்பியதைச் சொல்பவர்கள் பாகிஸ்தான்காரர்கள் மட்டுமல்ல. ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 2005-ல் அந்தப் போரின் வான் சண்டைகளை எழுதிய புத்தகத்திலும் அது இருக்கிறது. பாகிஸ்தானின் பசரூரில் போய் இறங்கிய நம் பைலட் சிக்கந்தின் நாட் பிடிபட்டு, இன்று கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்பதும் அவர்கள் மறைக்காத கதைதான். அந்தப் புத்தகம் சாரிடம் இருக்கிறது. மற்றப் பக்கங்களின் ஓரமெல்லாம் சிவப்பு. அந்தப் பக்கம் மட்டும் புத்தம் புதுசு.

"அடிபட்டுச்சா இல்லையா? வீட்டுக்குப் போனா அடி இல்லேன்னு ஆயிடுமா?"

"அடி அடிதான் சார். ஆனா 'வீழ்த்தினார்'னு போட்டா..."

"ஆலம் அஞ்சுன்னாரே, முதல்ல அதைக் கேளு. தம்பி, ரெண்டு டீ போடு!"

டீ வந்தது, பிறகு இன்னும் இரண்டு வந்தது. ஆலமின் மூன்றாவது ஹன்டர் விழுவதற்குள் பையன் பிடிக்க வேண்டிய பீச் லோக்கல் கிளம்பிவிட்டது.