சீசன் அண்ணன்

மலாக்காவின் கோலா சுங்கை பாருவில் ஏதாவது ஒட்டுக்கடையில் 'லண்டன்' என்ற பேச்சு காதில் விழுந்தால், அங்கே சீசன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இபிஎப் பணம் கைக்கு வந்த அன்றே லண்டன் போகப்போவதாக அறிவித்தார். அறிவிப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது. மாதம்தான் முடிவாகவில்லை.

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் மாதம் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும், டிசம்பரில் மாலை நாலு மணி வாக்கிலேயே மறைந்துவிடும் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார். ஆகஸ்டில் பாரிஸ் போனால் பாதிக் கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு லீவில் போயிருப்பார்கள் என்று, பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிடுபவரையும் எச்சரிப்பார். சாப்பிடுகிறவரோ பக்கத்து ஊரான மஸ்ஜித் தானா வரைக்கும்கூடப் போகிற உத்தேசம் இல்லாதவர்.

"அப்ப ஏப்ரல்ல போங்கண்ணே. பூவெல்லாம் பூத்திருக்குமாம்."

"சித்திரை பொறக்குது தம்பி. அடுத்தாப்புல மாரியம்மன் திருவிழா. நான் இல்லாம நன்கொடை ரசீது யாரு எழுதுறது?"

"சரி, ஜூலை?"

"அந்த ஊருப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு. டிக்கெட் விலை ஏறிடும். 2022 ஜூலையில அங்க 40 டிகிரி தாண்டிடுச்சு, தெரியுமா? வேகுறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? பெங்காலான் பாலாக் கடற்கரையிலேயே வேகலாமே!" பிறகு குரலைத் தணித்து, "டுரியானும் விழுற நேரம்" என்பார்.

செப்டம்பரைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் திணறுவார். வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கூட்டமும் குறைவு. குற்றம் கண்டுபிடிக்க ஒரு தே தாரிக் தேவைப்படும். குடித்து முடித்ததும் முகம் தெளியும்: "புரட்டாசி! அங்க போயி சைவத்துக்கு எங்க அலையுறது?" ஈஸ்ட் ஹாம் பக்கம் இட்லி, தோசைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை என்று சொன்னால், "சாம்பார் எப்படி இருக்குமோ" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அக்டோபர், நவம்பர் தீபாவளிக்குப் போயிற்று. ஜனவரி வந்தால் பொங்கல், தைப்பூசம். மாசியில் மலாக்கா சன்னாசிமலை மாசி மகம். நடுவில் மிச்சமிருக்கிற நாட்களெல்லாம் குளிர். ஏர்கோன் பஸ்ஸில் ஏறினாலே காதைச் சுற்றித் துண்டு கட்டுகிறவருக்குக் குளிர்காலம் ஒத்துவருமா?

2025 முதல் மலேசியர்கள் பிரிட்டன் போக முன்கூட்டியே மின் அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் முதல் வேலையாகக் கைப்பேசியிலேயே விண்ணப்பித்து வாங்கிவிட்டார். இரண்டு வருடம் செல்லும். "ரெண்டு வருசத்துல ஒரு மாசமாச்சும் அமையாதா?" என்று கேட்டுப் பார்த்த அவர் மனைவியான அக்கா, தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, தீபாவளி முடிந்த கையோடு மகளுடன் விமானம் ஏறிவிட்டார். அண்ணனின் பட்டியலில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட நவம்பர்!

திரும்பி வந்து அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. ஆனா ரோடு பூரா கிறிஸ்மஸ் விளக்கு. பிரிட்டிஷ் மியூசியத்துல உள்ள போகக் காசே கேக்கல. ஹைகேட் முருகன் கோயில்ல சாமி கும்பிட்டேன். குளிருக்கு ரெண்டு ஜாக்கெட் போட்டுக்கிட்டேன்."

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்: "எல்லாம் சரி. ஆனா அது சீசன் இல்லியே!"

நீங்கள் போவதாக இருந்தால் மே, செப்டம்பர் இரண்டும் நல்ல மாதங்கள். அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். லீவு, பணம், முழங்கால் மூன்றும் எந்த மாதத்தில் ஒத்துவருகிறதோ அதுதான் சீசன். டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். போட்ட பிறகு வேண்டுமானால் சீசன் அண்ணனிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.