விளக்கெண்ணெய் வாசமும் வில்லன் சிரிப்பும்

என் இளமைக்கு ஒரு வாசனை உண்டு. மல்லிகை என்றோ மழை நனைத்த மண் என்றோ எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொன்னால் அது விளக்கெண்ணெய்.

வயிற்றைக் கழுவ மாதம் ஒரு முறை பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெய் அல்ல. சோழவரத்தில் ரேஸ் பைக்குகள் புகையாகக் கக்கிய விளக்கெண்ணெய். பந்தய எஞ்சின் கொதிக்கும் சூட்டில் சாதாரண ஆயில் நீர்த்துப்போகும். ஆமணக்கில் எடுத்த ஆயில் அந்தச் சூட்டிலும் வழவழப்பை விடாது என்பதால் அதை ஊற்றுவார்கள். எரியும்போது தித்திப்பாக ஒரு நெடி வரும். சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடி அதை முகர்ந்து கிறங்குவார்கள். எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கும். வேகத்தின் மேல் எனக்கு வந்த காதல் இப்படிப் பேதி பயத்தோடுதான் ஆரம்பித்தது.

செங்குன்றம் தாண்டிக் கல்கத்தா போகிற சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. பிப்ரவரி வந்தால் போதும், மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குத் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. தினமும் புல்லட் செய்தவர், ஆனால் நாங்கள் ரேஸுக்குப் போனது பஸ்ஸில்.

அங்கே என்ன பார்த்தோம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு முன்னால் நின்றவரின் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு முழ நீளம் தார் தெரிந்தது. அந்த ஒரு முழத்தில் ஏதோ ஒன்று ‘விர்’ரென்று வரும், வந்ததா என்று யோசிப்பதற்குள் போயிருக்கும். மாமா பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு காதால் ரேஸ் பார்ப்பார்.

“மூணாவது கியர்ல திணர்றான் பார்டா. கார்புரேட்டர் சரியில்ல.”

“யாரு மாமா?”

“எவனோ ஒருத்தன். ஆனா கார்புரேட்டர் சரியில்ல.”

ஒரு தடவை பந்தயத்தின் நடுவில் ஒரு நாய் ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தது. பாதி வழியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, அவசரமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. மொத்தக் கூட்டமும் கை தட்டியது. அன்றைக்கு ஜெயித்தவருக்குக்கூட அவ்வளவு கைதட்டல் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான ரேஸ் தொடங்கும். திங்கட்கிழமை திண்ணையில் மாமா சொல்லும்போது வண்டியின் வேகம் நூறு மைல். புதன்கிழமை நூற்று இருபது. சனிக்கிழமைக்குள் அது பழையபடி விமானமாகிவிடும். தெருவே வாயைப் பிளந்து கேட்கும். அதே ஒரு முழத்தைப் பார்த்த நானும் வாயைப் பிளந்து கேட்பேன்.

பாட்டிக்கு ரேஸில் விருப்பமில்லை. அவளுடைய உலகம் டெண்டு கொட்டகை. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் அவள்தான் ராணி. திரையில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதில் அந்தக் காலத்தில் குழப்பமே கிடையாது. பி.எஸ். வீரப்பா சிரித்தால் கெட்டவன். அசோகன் பல்லைக் கடித்துப் பேசினால் கெட்டவன். நம்பியார் கையைப் பிசைந்தால் அடுத்த காட்சியில் யாருக்கோ கேடு. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் சாட்டையை எடுத்தபோது பாட்டி கைப்பிடி மணலை அள்ளித் திரையின் மேல் வீசினாள். அது முன்வரிசைக்காரர் தலையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல ஆயா, அடிங்க” என்றார். ஊரே ஒரே கட்சி.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார் என்று செய்தி வந்தது. எனக்கு ஆறு வயது. தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று பிற்பாடு சொல்வார்கள். பாட்டி மட்டும் தெளிவாக இருந்தாள்: “ராதா சும்மா கருவிடா. பின்னால நின்னு ஏவி விட்டவன் நம்பியாராத்தான் இருக்கும்.”

அதே பாட்டிக்கு ஒரு நாள் பேரிடி விழுந்தது. பத்திரிகை ஒன்றில் நம்பியாரின் படம். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, தலையில் இருமுடி. ஆண்டு தவறாமல் சபரிமலை போகிறவர், பெருங்கூட்டத்துக்குக் குருசாமி, மதுவைத் தொடாதவர், சைவச் சாப்பாட்டுக்காரர் என்று கீழே போட்டிருந்தது. நான் படித்துக் காட்டினேன். பாட்டி நெடுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“இவன் யாருன்னு சாமிக்குத் தெரியுமா?”

1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் 11 வேடம் போட்ட கதாநாயகனே நம்பியார்தான் என்று மாமா எடுத்துச் சொன்னார். பாட்டி மசியவில்லை. “இது பன்னெண்டாவது வேஷம்” என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள்.

வில்லன்களைப் பற்றி நாங்கள் தப்புக் கணக்குப் போட்டிருந்தோம் என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதனால் நாயகர்கள் விஷயத்திலும் அதே கணக்கைப் போட்டோம்.

என் முதல் நாயகன் குண்டப்பா விஸ்வநாத். 1975 பொங்கல் வாரம், சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸோடு டெஸ்ட். டிக்கெட் வாங்க வழியில்லாமல் டீக்கடை ரேடியோவுக்கு அடியில் நின்றேன். ஆன்டி ராபர்ட்ஸ் என்ற பெயரை ரேடியோ சொல்லும்போதெல்லாம் வீரப்பாவின் சிரிப்பு எனக்குக் கேட்டது. அவர் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190க்குச் சுருண்டது. அதில் பாதிக்கு மேல், 97, விஸ்வநாத் அடித்தது. கடைசி ஆட்டக்காரர் சந்திரசேகர் அவுட்டாகிவிட, சதத்துக்கு மூன்று ரன் இருக்கும்போது அவர் அவுட்டாகாமல் திரும்பி நடந்தார். அந்த மேட்சை இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது. ஆனாலும் ஒரு மாதம் மாமா சந்திரசேகரை மன்னிக்கவில்லை. எதிரணி வில்லன் போதாமல் சொந்த அணியிலேயே ஒருவரை நியமித்துக்கொண்டார்.

அந்த விஸ்வநாத் 1980இல் பம்பாய் பொன்விழா டெஸ்டில் கேப்டன். அம்பயர் அவுட் கொடுத்து நடந்துபோன இங்கிலாந்தின் பாப் டெய்லரை, பந்து மட்டையில் படவில்லை என்று தன் மனசுக்குத் தோன்றியதால் திரும்பக் கூப்பிட்டார். டெய்லர் நின்று ஆட, எதிர்ப்பக்கம் போத்தம் வெளுத்து வாங்க, இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. தோற்றது எனக்கு வலிக்கவே இல்லை. ‘நம்ம ஆள் எப்பேர்ப்பட்டவர்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த டெய்லர் சம்பவம் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதும் இங்கே முக்கியம்.

கண்ணால் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது. கலர் டி.வி., கேபிள், ரீப்ளே எல்லாம் வந்த காலத்தில் நான் தேர்ந்தெடுத்த உத்தமர் தென்னாப்பிரிக்காவின் ஹன்சி குரோனியே. “விளையாட்டுன்னா இப்படி ஒழுக்கமா இருக்கணும்” என்று என் மகனுக்கு அவரைக் காட்டிக்காட்டிச் சொன்னேன். 2000 ஏப்ரலில் டெல்லி போலீஸ் தொலைபேசிப் பேச்சை வெளியிட்டது. முதலில் இல்லை என்றவர் சில நாளில் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய போஸ்டரை மட்டும் சுவரிலிருந்து கழற்றி, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது என்று கணக்குப் போட எடுத்துக்கொண்டான்.

நெற்றியில் எழுதி ஒட்டியது போல இருந்த வில்லன் மலைக்குப் போகிறார். பளிங்கு போல இருந்த நாயகன் பணம் வாங்குகிறார். பாட்டி இருந்திருந்தால் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருப்பாள்.

ரேஸும் மாறியது. கோவைக்காரர் கரிவரதன் மாருதி எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். சோழவரத்துக்கு ஒரு காலத்தில் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பிற்பாடு அவர் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்திலிருந்து மற்ற பக்கங்களுக்குக் குடிபெயர்ந்தார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் வந்தது. சோழவரம் மறுபடி சும்மா கிடக்கப் போய்விட்டது.

2005இல் நம் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அந்த ஆண்டு இண்டியானபோலிஸில் நடந்த பந்தயத்தில் அவர் நான்காவது வந்த இரவு, நான் மாமாவை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். எண்பதை நெருங்கிய மாமா பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

“உலகத்துலயே நாலாவதா?”

“ஆமா மாமா.”

“எத்தனை பேர் ஓட்னாங்க?”

இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். டயர் பத்திரமில்லை என்று 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கிக்கொண்டன. ஓடியது ஆறு. மாமா கொஞ்சம் யோசித்தார். “ஆறுல நாலு. இருக்கட்டும். நாளைக்குத் திண்ணைல நாலாவதுன்னு மட்டும் சொல்லு” என்று படுத்துக்கொண்டார். ரசிகனாக இருப்பது எப்படி என்று அவர் எனக்குக் கொடுத்த கடைசிப் பாடம் அது.

2008இல் மார்ச் 19 அன்று ரகுவரன் போனார். சரியாக எட்டு மாதம் கழித்து நவம்பர் 19இல் நம்பியார். கோட்டு சூட்டு போட்டு, குரலை உயர்த்தாமலே நடுங்க வைத்த வில்லன் ஒருவர். கையைப் பிசைந்தே கலங்கடித்த வில்லன் இன்னொருவர். இருவருக்காகவும் வருத்தப்பட்டேன். வில்லன் செத்தால் கை தட்டி வளர்ந்தவனுக்கு அது புது அனுபவம்.

இன்றைய வில்லன்களுக்கு என் வருத்தம் தேவையில்லை. அவர்களுக்கே நிறைய வருத்தம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபிளாஷ்பேக், கொடுமைப்பட்ட ஒரு பால்யம். ‘மாஸ்டர்’ படத்தில் விஜய் சேதுபதி கொல்லத் தொடங்குவதற்குள் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. ‘விக்ரம்’ கடைசியில் சூர்யா சில நிமிடம் வந்து தலை வெட்டினார். தியேட்டர் கூரை பிய்ந்துபோகிற விசில். பக்கத்தில் என் பேரன் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

“டேய், அவன் கெட்டவன்டா.”

“அதான் தாத்தா மாஸ்!”

இப்போதெல்லாம் நல்லவர், கெட்டவர், ரேஸ்காரர் மூன்றுக்கும் மூன்று ஆள் தேவையில்லை. அஜித் ‘வாலி’யில் அண்ணனாக வந்து கெட்டதும் செய்தார், தம்பியாக வந்து நல்லதும் செய்தார், மிச்ச நேரத்தில் கார் ஓட்டினார். 2025இல் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தது. மாமா இருந்திருந்தால் ‘எத்தனை பேர்’ என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை, பாடம் படித்தவன்.

2024 செப்டம்பர் முதல் தேதி பேரன் என்னைத் தீவுத்திடலுக்குக் கூட்டிப்போனான். சென்னைத் தெருவிலேயே இரவில் ஃபார்முலா 4. மூன்றரை கிலோமீட்டர் சுற்று, பகல் போல விளக்கு. சிவானந்தா சாலையில் எத்தனையோ வருஷம் டவுன் பஸ்ஸில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தவன் நான். அதில் கார்கள் பறக்கப்போகின்றன என்றபோது பொறாமையாக இருந்தது. இருக்கை கிடைத்தது, குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. முன்னால் தடுப்புச் சுவர், அதன்மேல் கம்பிவலை. அதன் வழியே எனக்குத் தெரிந்தது சரியாக ஒரு முழம்.

பேரன் அதையும் பார்க்கவில்லை. எங்கள் கண்ணெதிரே ஓடிய பந்தயத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அதில்தான் நன்றாகத் தெரிகிறதாம். நான் கண்ணை மூடினேன். சத்தம் வந்தது. மாமா வந்து தோளில் கை வைத்தது போல இருந்தது.

“மூணாவது கியர்ல திணர்றான் பார். கார்புரேட்டர் சரியில்ல.”

“தாத்தா, இந்தக் கார்ல கார்புரேட்டரே கிடையாது.”

மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் நெடி துளியும் இல்லை. அறுபத்து மூன்று வயதில் வயிறு கலங்காமல் ரேஸ் பார்ப்பது ஏதோ ஏமாற்றம் போலத்தான் இருந்தது.

அப்போது ட்ராக்கில் ஒரு நாய் வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய தடுப்பில் தனக்கு ஒரு வழி கண்டுபிடித்து, பழுப்பு நிறத்தில், விளக்கு வெளிச்சத்தில், யாருக்கும் கட்டுப்படாமல் ஓடியது. ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஆட்கள் துரத்தினார்கள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். அக்கம்பக்கத்தில் வேறு யாரும் தட்டவில்லை. அவர்கள் கை எல்லாம் செல்போனில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “யார் ஜெயிச்சா?” என்று மனைவி கேட்டாள். பேரன் ஏதோ ஒரு பேர் சொன்னான். நான் நாயைப் பற்றிச் சொன்னேன்.

மறுநாள் பூங்காவில் நடக்க வந்தவர்களிடமும் சொன்னேன். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள், சொன்னேன். பேரன் போனில் அந்த வீடியோ இருந்தது. அரை நிமிடம்கூட இல்லை. அதை நான் யாருக்கும் காட்டவில்லை. சனிக்கிழமை நான் சொல்லி முடித்தபோது அந்த நாய் மூன்று கார்களை முந்தியிருந்தது.