கொல்லிமலைக்கு ஒரு வழிகாட்டி

மனைவி வீட்டாரைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மலையில் அருங்காட்சியகம் போல அடுக்கி, அட்டையில் விளக்கம் எழுதியா வைத்திருக்கிறார்கள்? தமிழ் இலக்கியம் படித்த நான்தான் அந்த அட்டை என்று நினைப்பு.

காரவள்ளி தாண்டி வேன் மலையேறியதும் ஆரம்பித்தேன். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த கதை. புறநானூற்றில் வன்பரணர் பாடியது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அம்பு புலியைத் தாண்டுவதற்குள் என் வயிறு புரண்டுவிட்டது. மற்ற மூன்றும் செத்தனவா என்று ஒருவரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள்.

செம்மேட்டில் குதிரைமேல் ஓரி. மச்சான் மகன் கேட்டான்: "மாமா, குதிரை பேரு என்ன?"

"குதிரைக்கெல்லாம் யாருடா பேரு எழுதி வச்சா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பினார். "அதுவும் ஓரிதான் தம்பி. இவரைக் கொன்ன காரியோட குதிரைக்கும் காரின்னுதான் பேரு."

சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. பரீட்சைக்குப் படித்ததுதான்; அவர் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது.

அறப்பளீஸ்வரர் கோயிலில் மானத்தை மீட்கப் பார்த்தேன். கல்வெட்டின்மேல் விரலை ஓட்டி, "ராஜராஜன் காலம்" என்றேன், ஓர் எழுத்தும் புரியாமல். "எந்த வரியில மாமா ராஜராஜன் இருக்காரு?" விரல் நின்றுவிட்டது. கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில், 1908இல் கிடைத்த பைஸ்டோஸ் வட்டு இருக்கிறது. அதன் எழுத்தை அறிஞர்களே இன்னும் படித்து முடிக்கவில்லை. நான் வழிகாட்ட வேண்டிய இடம் அதுதான்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள். "வரலாறெல்லாம் மேலேயே முடிஞ்சிடுச்சு, கீழ வெறும் தண்ணிதான்" என்று பாதியில் உட்கார்ந்துகொண்டேன். மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைக் கடந்து இறங்கினார். அருவியில் நனைந்து, திரும்பி ஏறியும் வந்துவிட்டார். நான் அதே படியில்தான் இருந்தேன்.

"அடுத்த தடவை நாமக்கல் கோட்டைக்குப் போலாம் மாப்ள" என்றார் தலையைத் துவட்டியபடி. "நாங்க மேல போய்ப் பாத்துட்டு வர்றோம். நீங்க அடிவாரத்துல நரசிம்மர் கோயில்லயே செருப்பைப் பாத்துக்கிட்டு இருங்க."